எல்லாப் பிரிண்டருக்கும் ஒரே யுனிவர்சல் டிரைவர் போட்டேன், கலர் பிரிண்டர் கறுப்பாகிவிட்டது

திருப்பூர்_சிஸ்டம் | திங்கள், இரவு 9:50

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். சிஸ்டம் என்றால் கம்ப்யூட்டர், கேமரா, கைரேகை மெஷின், முதலாளி வீட்டு வைஃபை எல்லாமே நான்தான். விஷயத்துக்கு வருகிறேன்.

மொத்தம் 38 கம்ப்யூட்டர், விண்டோஸ் 10, 11 கலந்து. பிரிண்ட் சர்வர் விண்டோஸ் சர்வர் 2019. மெர்ச்சண்டைசிங் ஹாலில் இரண்டு எச்பி எம்404டிஎன், ஷிப்பிங்கில் ஒரு பழைய பி3015டிஎன் (மாடு மாதிரி உழைக்கும்), சாம்பிள் பிரிவில் கலர் எம்454டிஎன். ஹால் மூலையில் வாடகைக்கு எடுத்த ஏ3 காப்பியர் ஒன்று, அது வேறு கம்பெனி. அக்கவுண்ட்ஸில் கேனான் எல்பிபி 2900, கேஷியர் கம்ப்யூட்டரில் யூஎஸ்பியில் செருகி ஷேர் செய்திருக்கிறது. குடோனில் டெலிவரி சலானுக்கும் கேட் பாஸுக்கும் ஒரு டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ்.

சர்வரில் ஸ்பூலர் (பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்புகிற சர்வீஸ்) தினமும் ஒரு தடவையாவது நின்றுபோகும். பார்த்தால் 14 டிரைவர் கிடக்கிறது. அதில் பாதிக்கு உரிய பிரிண்டர்களைப் பழைய இரும்புக்குப் போட்டே மூன்று வருடம் ஆகிறது. நண்பர் ஒருவர், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பல மாடலுக்கும் பொதுவான யுனிவர்சல் டிரைவர் ஒன்றைப் போடு, தலைவலி போய்விடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அப்படியே செய்தேன். எச்பி யுனிவர்சல் பிசிஎல் 6 (பிசிஎல் என்பது பிரிண்டர் புரிந்துகொள்கிற ஒரு மொழி). எச்பி நான்குக்கும் போட்டேன். ஆசை விடவில்லை, அதுவும் பிசிஎல் 6 தானே என்று காப்பியருக்கும் அதையே கொடுத்தேன். கேனானுக்கும் கொடுத்துப் பார்த்தேன்.

இன்றைக்கு வாங்கிய திட்டு:

கலர் பிரிண்டரில் கலர் என்கிற தேர்வே இல்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை. சாம்பிள் பிரிவு அக்கா நேவி ப்ளூ துணிக்கும் பாட்டில் கிரீன் துணிக்கும் ஒரே சாம்பல் நிறத்தில் இரண்டு தாள் எடுத்து வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எச்பி எதிலும் இரண்டு பக்கம் அச்சாவதில்லை. டிரைவரில் அந்த வரியே காணோம்.

காப்பியருக்கு அனுப்பினால் கம்ப்யூட்டரில் பிரிண்ட் ஆகிவிட்டது என்கிறது. காப்பியரிலிருந்து தாளே வருவதில்லை. எரரும் இல்லை.

மாலை ஐந்தரைக்குத்தான் உச்சம். கன்டெய்னர் புறப்பட வேண்டும், கிளியரிங் ஏஜெண்ட் பையன் வண்டியை ஆஃப் செய்யாமல் வாசலில் நிற்கிறான், பேக்கிங் லிஸ்ட் 64 பக்கம். பி3015 திரையில் ‘லெட்டர்’ தாள் வை என்று கேட்டு நிற்கிறது. எங்கள் ஆபீசில் லெட்டர் அளவுத் தாளை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஓகே பட்டனை அழுத்தினால் ஏ4-இல் ஒரு பக்கம் வருகிறது, மறுபடி கேட்கிறது. 64 தடவை அழுத்தினோம். நான் பாதி, ஷிப்பிங் மேனேஜர் பாதி.

இது போக, இரண்டு கம்ப்யூட்டரில் பிரிண்டரைச் சேர்த்தால் ‘11பி’ என்று முடிகிற ஒரு எரர். இன்னும் சிலதில் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது.

இன்னொன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை. போன மாதம் நெட்வொர்க் ஆள் வந்து பிரிண்டர்களைத் தனி விலானில் (நெட்வொர்க்கில் பிரித்துவைத்த தனிப் பகுதி) போட்டுவிட்டுப் போனார். போர்ட் 9100 மட்டும் திறந்திருக்கிறது, பிரிண்ட் எடுக்க அது போதும் என்றார். அப்போதிருந்தே சில பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும், ஆனால் கொடுத்தால் அச்சாகும். நான் பழைய டிரைவர் மேல் பழியைப் போட்டிருந்தேன்.

பழைய டிரைவர்களுக்கே திரும்பவா, யுனிவர்சலைச் சரிசெய்ய முடியுமா?

---

மதுரை_லேப் | திங்கள், இரவு 10:15

எச்பி யுனிவர்சலைக் காப்பியருக்குப் போட்டது தப்பு ப்ரோ. ‘யுனிவர்சல்’ என்பது அந்தந்தக் கம்பெனி வீட்டுக்குள் மட்டும்தான். கேனானுக்கு ஜெனரிக் பிளஸ், ஜெராக்ஸுக்கு குளோபல், கியோசெராவுக்கு கேஎக்ஸ், கோனிகா மினோல்டா, ரிக்கோ, லெக்ஸ்மார்க், பிரதர் எல்லாருக்கும் தனித்தனியாக உண்டு. காப்பியர் எந்தக் கம்பெனியோ அதன் டிரைவரைப் போடுங்கள்.

11பி எரருக்கு ரிஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்ஜியம் ஆக்கினால் போதும், யூடியூப்பில் நிறைய வீடியோ இருக்கிறது.

---

ஸ்பூலர்_சித்தப்பா | திங்கள், இரவு 11:40

தம்பி, சம்பந்தம் உண்டா தெரியவில்லை என்று கடைசியில் ஒதுக்கிவைத்தீர்களே, நோயே அங்கேதான் இருக்கிறது.

மாடலுக்கென்று வருகிற டிரைவருக்குத் தன் பிரிண்டர் யார் என்று பிறக்கும்போதே தெரியும். யுனிவர்சல் டிரைவர் அப்படி இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளும். நீ கலரா, உனக்கு இரண்டு பக்க யூனிட் உண்டா, எத்தனை ட்ரே என்று பிரிண்டரைக் கேட்கும். கேட்கிற வழி எஸ்என்எம்பி, அதற்கான போர்ட் யூடிபி 161. உங்கள் நெட்வொர்க் ஆள் 9100-ஐ மட்டும் திறந்தார். அது ஜாபைத் தூக்கிப் போடுகிற வழி. போடுவதற்கு வழி இருக்கிறது, கேட்பதற்கு இல்லை. பதில் வராததால் டிரைவர் இருப்பதில் எளிமையான ஒன்றை வைத்துக்கொண்டது: கறுப்பு வெள்ளை, ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை வரை பழைய டிரைவர்களில் இந்தக் கோளாறு தெரியாததற்குக் காரணம், அவற்றில் யாரோ எப்போதோ இதையெல்லாம் கையால் குறித்துவைத்திருப்பார்கள்.

ஆஃப்லைன் கதையும் அதேதான். ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்டில் ‘கான்ஃபிகர் போர்ட்’ போனால் கீழே எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்று ஒரு டிக் இருக்கும். டிக் இருந்து பதில் வராவிட்டால் விண்டோஸ் பிரிண்டரை ஆஃப்லைன் என்று எழுதிவிடும், பிரிண்டர் பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருந்தாலும்.

ஆக ஃபயர்வாலில் சர்வர் ஐபியிலிருந்து பிரிண்டர் விலானுக்கு யூடிபி 161-ஐத் திறக்கச் சொல்லுங்கள். சர்வருக்கு மட்டும் போதும், 38 கம்ப்யூட்டருக்கும் வேண்டாம். பிறகு ஒவ்வொரு எச்பியிலும் ப்ராப்பர்ட்டீஸ், டிவைஸ் செட்டிங்ஸ், ‘ஆட்டோமேடிக் கான்ஃபிகரேஷன்’ என்ற வரியில் ‘அப்டேட் நவ்’. கலர் வந்துவிடும். வரவில்லை என்றால் பிரிண்டரின் சொந்த வெப் பக்கத்தைத் திறந்து எஸ்என்எம்பி கம்யூனிட்டி பெயர் (கேட்பவர் சொல்ல வேண்டிய கடவுச்சொல் மாதிரி) ‘பப்ளிக்’ தானா என்று பாருங்கள். அதை மாற்றியிருந்தால் போர்ட்டிலும் அதே பெயர் இருக்க வேண்டும். நெட்வொர்க் ஆள் திறக்க மறுத்தால் சண்டை போடாதீர்கள், அதே டிவைஸ் செட்டிங்ஸில் டிவைஸ் டைப்பைக் கலர் என்றும், டூப்ளெக்ஸ் (இரண்டு பக்க) யூனிட்டை இன்ஸ்டால்டு என்றும் கையால் மாற்றி, போர்ட்டில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். டோனர் எவ்வளவு, தாள் தீர்ந்ததா என்பது மட்டும் தெரியாது. அதற்குத்தான் பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கத்துவார்களே.

அடுத்து உங்கள் 64 பக்கம். சர்வர் விண்டோஸ் போடும்போது ரீஜன் அமெரிக்கா என்று விட்டிருப்பீர்கள். அப்போது புதிதாக உருவாகிற க்யூ (சர்வரில் ஒரு பிரிண்டருக்கான வரிசை) லெட்டர் அளவில்தான் பிறக்கும். இதை எல்லாரும் ‘பிரிண்டிங் ப்ரிஃபரன்ஸஸ்’ போய் ஏ4 என்று மாற்றுவார்கள், மறுநாள் அதே திட்டு வாங்குவார்கள். அது சர்வரில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு மட்டும் உள்ள விருப்பம். எல்லாருக்கும் மாற வேண்டும் என்றால் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’. இரண்டு ஜன்னலும் பார்க்க அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும், அதுதான் வம்பு. எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆயிற்று. ஏற்கெனவே கனெக்ட் ஆன கம்ப்யூட்டர்கள் பழைய விருப்பத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அங்கே பிரிண்டரை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டிவரும்.

காப்பியர். மதுரைத் தம்பி சொன்னது சரி, ஆனால் தாள் ஏன் வரவில்லை என்று சொல்லவில்லை. வாடகைக் காப்பியரில் பிரிவு வாரியாகக் கணக்கு வைக்க டிபார்ட்மெண்ட் கோடு போட்டிருப்பார்கள். கம்பெனியின் சொந்த டிரைவர் அந்தக் கோடை ஜாபோடு ஒட்டி அனுப்பும். உங்கள் எச்பி டிரைவருக்கு அந்தச் சங்கதியே தெரியாது. கோடு இல்லாமல் வந்த ஜாபைக் காப்பியர் வாங்கி, சத்தமில்லாமல் அழித்துவிடும். காப்பியர் திரையில் ஜாப் லாக் பாருங்கள், எல்லாம் அங்கே வரிசையாகச் செத்துக் கிடக்கும்.

மொழி ஒன்றாக இருந்ததால் இதோடு போயிற்று. மொழியே வேறாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். கல்லூரி ஒன்றில் 60 பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்த காலம். போஸ்ட்ஸ்கிரிப்ட் (அடோபின் பிரிண்டர் மொழி) தெரியாத ஒரு பிரிண்டருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். யாரோ ஒரு பிடிஎஃப்பை அனுப்பியிருக்கிறார்கள். காலையில் வந்தால் ட்ரே காலி, தரையெல்லாம் தாள். முதல் தாளின் தலையில் ஒரு சதவீதக்குறி, ஒரு ஆச்சரியக்குறி, பக்கத்தில் பிஎஸ், அடோப். அதற்குக் கீழே எண்ணும் எழுத்துமாகப் பக்கம் பக்கமாக நிரல். அதை ஓட்டிப் படமாக்கத் தெரியாத பிரிண்டர், எழுத்து என்று நினைத்து அப்படியே அடித்துத் தள்ளியிருக்கிறது. இன்றைக்கும் யாராவது ‘பிரிண்டர் கிறுக்குகிறது’ என்றால் முதல் தாளின் முதல் வரியைத்தான் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன்.

அதனால் தேர்வு செய்யும்போது முதல் கேள்வி கம்பெனி பெயர் இல்லை, இந்தப் பிரிண்டர் என்ன மொழி பேசும் என்பதுதான். வேர்டு, எக்செல், டேலி இதற்கெல்லாம் பிசிஎல் 6 போதும், வேகமும் கூட. கோரல்டிராவிலிருந்து லேபிள் ஆர்ட்வொர்க் எடுக்கிற சாம்பிள் பிரிவுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் நல்லது. உங்கள் எம்454 இரண்டும் பேசும். ஒரே பிரிண்டருக்கு இரண்டு க்யூ போடுங்கள், ‘சாம்பிள் கலர்’, ‘சாம்பிள் ஆர்ட்வொர்க்’ என்று. யாரும் தடுக்கவில்லை.

எல்பிபி 2900-க்கு மொழியே கிடையாது. பக்கத்தைக் கம்ப்யூட்டரே வரைந்து, கேனானின் சொந்த வழியில் ஊட்டினால் அது அச்சடிக்கும். எச்பி 1020, எம்1005 எல்லாம் இதே ஜாதி. ஊரில் பாதி ஆபீஸ் இவற்றில்தான் ஓடுகிறது, ஆனால் எந்த யுனிவர்சலும் இவற்றுக்குச் சரிவராது. கேஷியர் கம்ப்யூட்டரில் கேனானின் சொந்த டிரைவரைத் திரும்பப் போட்டுவிட்டு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

11பி பற்றி. ரிஜிஸ்ட்ரியில் பூஜ்ஜியம் போட வேண்டாம். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்று ஒரு ஓட்டை வெளியே வந்து ஊரே கலங்கியது. சர்வரிலிருந்து டிரைவர் இறங்குகிற சாக்கில் யார் வேண்டுமானாலும் உள்ளே எதையும் நுழைக்கலாம் என்கிற நிலை. அதனால் ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து டிரைவர் இறக்க அட்மின் உரிமை கேட்கிறது, உங்களுக்குப் பாஸ்வேர்டு கேட்பது அதனால்தான். 11பி என்பது அதற்கு அடுத்த மாதத்திலிருந்து வருவது. கம்ப்யூட்டரும் சர்வரும் பேசுகிற பேச்சு மறைகுறியாக்கத்தோடு இருக்க வேண்டும் என்று சர்வர் பிடிவாதம் பிடிக்கும், ஒரு பக்கம் அப்டேட் ஆகாமல் கிடந்தால் ஒத்துவராது. இரண்டு பக்கமும் அப்டேட் செய்யுங்கள். பூஜ்ஜியம் போட்டால் எரர் போய்விடும், அந்த அப்டேட் அடைத்த ஓட்டை திரும்ப வந்துவிடும். டிரைவரை நீங்களே அட்மினாக ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முன்கூட்டியே இறக்கிவைத்துவிட்டால் பாஸ்வேர்டு கேள்வியும் வராது. 38 தானே, இரண்டு நாள் வேலை.

ஸ்பூலர் செத்ததற்கு 14 டிரைவரில் ஒன்றுதான் காரணமாக இருக்கும், எது என்று இனிமேல் தெரியாது, நீங்கள்தான் சாட்சியைத் துடைத்துவிட்டீர்களே. இனிமேல் பிரிண்ட் மேனேஜ்மெண்டில் ஒவ்வொரு டிரைவர் மேலும் வலது கிளிக் செய்து ‘டிரைவர் ஐசொலேஷன்’ வையுங்கள். ஒன்று விழுந்தாலும் ஸ்பூலரை இழுத்துக்கொண்டு விழாது.

எச்பி பேக்கேஜுக்குள் ஒரே டிரைவர் இரண்டு பெயரில் இருக்கும், ஒன்றில் வெர்ஷன் எண் ஒட்டியிருக்கும். சர்வரில் எண் உள்ளதையே போடுங்கள். நாளை புது வெர்ஷன் வந்தால் ஒரு க்யூவில் மட்டும் மாற்றிப் பார்க்கலாம், மற்றவை பழையதிலேயே ஓடும்.

கை வலிக்கிறது. நாளைக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

---

மதுரை_லேப் | செவ்வாய், காலை 7:05

பூஜ்ஜியம் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன் சித்தப்பா. எங்கள் லேபில் மூன்று வருடமாகப் பூஜ்ஜியத்தில்தான் ஓடுகிறது, இன்றைக்கு மாற்றுகிறேன்.

---

திருப்பூர்_சிஸ்டம் | புதன், இரவு 8:30

சித்தப்பா, 161 திறந்தாயிற்று. ‘அப்டேட் நவ்’ அழுத்தியதும் எம்454-இல் கலர் வந்துவிட்டது. அக்காவுக்கு ஒரு பாட்டில் கிரீன் தாள் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், சிரித்தார்.

எம்404 இரண்டும் சரி. பி3015 மட்டும் முரண்டு பிடித்தது. வெப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், எனக்கு முன்னால் இருந்தவர் கம்யூனிட்டி பெயரைக் கம்பெனி பெயருக்கு மாற்றி வைத்திருக்கிறார். போர்ட்டிலும் அதையே போட்டதும் இரண்டு பக்கம் வந்தது, ஆஃப்லைனும் போயிற்று.

சர்வர் ரீஜன் நீங்கள் சொன்னபடியே அமெரிக்காதான். டிஃபால்ட்ஸை மாற்றினேன், ஷிப்பிங்கில் நான்கு கம்ப்யூட்டரில் பிரிண்டரை எடுத்துச் சேர்த்தேன்.

காப்பியர் ஜாப் லாக்கில் 23 வேலை அழிக்கப்பட்டதாக வரிசையாக இருந்தது. அதில் எட்டு முதலாளி அனுப்பியது. ஒரே ஃபைலை எட்டுத் தடவை அனுப்பியிருக்கிறார், என்னைக் கூப்பிடவே இல்லை. காப்பியரின் சொந்த டிரைவர் போட்டு, கோடு கொடுத்து, சரி.

இப்போது புதிதாக ஒன்று. எச்ஆரில் தமிழ் அறிவிப்புகள் எல்லாம் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. திரையில் சரியாகத் தெரிகிறது. எம்404-இல் அச்செடுத்தால் சில வரியில் கொம்பு பக்கத்து எழுத்து மேல் ஏறுகிறது, சில இடத்தில் புள்ளி காணோம். ‘தாமதமாக வருபவர்கள்’ என்பதில் ‘ர்’ புள்ளியில்லாமல் நிற்கிறது. பழைய டிரைவரில் இப்படி இல்லை.

---

தட்டச்சு_தங்கம் | புதன், இரவு 9:20

டிடிபி வேலையில் 20 வருடம். இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள் சார். தாள் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது டிரைவர் இல்லை. பாமினியில் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில், அதனால் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ்ப் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாகக் கொட்டும். அதற்கு எழுத்துருவை ஏற்றினால் போதும்.

உங்களுக்கு வருவது அது இல்லை, எழுத்து தமிழில்தான் வருகிறது, இடம்தான் பிசகுகிறது. டிரைவர் எழுத்துருவைப் பிரிண்டருக்குள் இறக்கி அங்கே கோக்கச் சொல்கிறது, அங்கேதான் தடுமாற்றம். பிரிண்டிங் ப்ரிஃபரன்ஸஸில் அட்வான்ஸ்டு பகுதியில் எல்லா எழுத்தையும் கிராஃபிக்ஸாக அச்சிடு என்று ஒரு வரி இருக்கும், ட்ரூடைப் எழுத்துருவை பிட்மேப்பாக (புள்ளிப் படமாக) அனுப்பு என்பது இன்னொன்று. முதலில் இரண்டாவதைப் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் முதலாவது. அது ஜாபைப் பெரிதாக்கும், கொஞ்சம் மெதுவாகும், அதனால் எல்லாருக்கும் போட வேண்டாம். ‘எச்ஆர் தமிழ்’ என்று தனி க்யூ போட்டு அதற்கு மட்டும் வையுங்கள்.

நேரம் கிடைக்கும்போது அந்த அறிவிப்புகளை யூனிகோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். சொல்லத்தான் முடியும், மாற்ற மாட்டார்கள்.

---

திருப்பூர்_சிஸ்டம் | வியாழன், மதியம் 1:10

தங்கம் அக்கா, பிட்மேப்பிலேயே சரியாகிவிட்டது. புள்ளி வந்துவிட்டது. நன்றி.

இனி மீதி குடோன் டாட் மேட்ரிக்ஸ்தான். அதில் நான் கை வைக்கவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்வரைத் துடைத்ததிலிருந்து சலான் ஒவ்வொன்றும் முந்தையதைவிட அரை விரல் மேலே ஏறி அச்சாகிறது. சில சலான் போனதும் தலைப்பு கிழிக்கிற துளை மேல் விழுகிறது.

---

ஸ்பூலர்_சித்தப்பா | வியாழன், மாலை 6:00

துடைக்கும்போது ஃபார்மையும் (சர்வரில் பதிந்துவைத்த தாள் அளவு) துடைத்திருப்பீர்கள். தொடர்தாள் எந்த அளவு, 10 க்கு 12 அங்குலமா, 10 க்கு 6-ஆ? அளவுகோல் வைத்து ஒரு தாளைத் துளையிலிருந்து துளைக்கு அளந்து பாருங்கள். டிரைவர் ஏ4 என்று நினைத்துக்கொண்டு 11.69 அங்குலம் தள்ளுகிறதா, வேறு ஏதாவதா என்பது அதிலேயே தெரியும்.

பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஃபார்ம்ஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே சரியான அளவில் புது ஃபார்ம் ஒன்று உருவாக்கி ‘சலான்’ என்று பெயர் வையுங்கள். பிறகு டாட் மேட்ரிக்ஸின் டிவைஸ் செட்டிங்ஸில் டிராக்டருக்கு (தொடர்தாளை இழுக்கிற பகுதி) அந்த ஃபார்மையும், பிரிண்டிங் டிஃபால்ட்ஸில் தாள் அளவாக அதையும் தேர்ந்தெடுங்கள். ப்ரிஃபரன்ஸஸ் இல்லை, டிஃபால்ட்ஸ். சலான் டேலியிலிருந்து வருகிறது என்றால் அங்கேயும் ‘டாட் மேட்ரிக்ஸ் ஃபார்மேட்’ தேர்வா, ‘நீட் மோட்’ தேர்வா என்று பாருங்கள்.

இன்னொன்று, அடுத்த வருடம் பிரிண்டர் வாங்கும்போது ஐபிபி (கம்பெனி டிரைவர் இல்லாமலே அச்சிட உதவும் பொது முறை), மோப்ரியா (அதற்கான சான்று) இரண்டும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். வெளிக் கம்பெனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. விண்டோஸோடு வருகிற ஐபிபி டிரைவர்தான் இனி முன்னால் நிற்கும். குடோன் டிவிஎஸ்ஸுக்கு அது உதவாது, அதை அப்படியே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

திருப்பூர்_சிஸ்டம் | வியாழன், இரவு 8:45

10 க்கு 12. ஏ4 என்று இருந்தது. ஃபார்ம் போட்டு இருபது சலான் தொடர்ந்து அடித்துப் பார்த்தேன், இருபதாவதும் முதலாவதும் ஒரே இடத்தில். குடோன்காரர் அந்த இருபதையும் கேட் பாஸ் எழுத எடுத்துக்கொண்டார்.